கட்டுவது எளிதானது, கணக்கு யாரிடம்?

மாதத்தில் ஒரு நாள் கைப்பேசியில் நாலு தட்டு. மின்சாரக் கட்டணம் கட்டி முடிந்துவிடுகிறது. முகப்பில் வரிசை பிடித்து நிற்க வேண்டியதில்லை. சில்லறை தேட வேண்டியதில்லை. மலேசியாவில் இந்த வசதி வந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிறது. அதற்கு முன்னால் இருக்கும் நூறு ஆண்டுக் கதையையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். கட்டணம் கட்டும் வழி எளிதாக எளிதாக, பில்லைப் படித்துப் பார்க்கும் வேலை வீட்டில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போயிருக்கிறது. சில வீடுகளில் அது யார் கையிலும் இல்லாமலே போய்விட்டது.

கதை ரவாங்கில் தொடங்குகிறது. 1894ஆம் ஆண்டு, சிலாங்கூரின் அந்தச் சிற்றூரில் இருந்த ஈயச் சுரங்கத்தில் தண்ணீரை இறைக்க மின்சார இயந்திரம் ஒன்று பொருத்தப்பட்டது. பொருத்தியவர்கள் இருவர். ஒருவர் லோக் இயூ. மற்றவர் தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலோடும் பத்துமலையோடும் சேர்த்து இன்றும் பேசப்படும் அதே தம்புசாமிப் பிள்ளைதான். சிங்கப்பூரில் பிறந்து, சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டுடன் 1875ல் இங்கு வந்த அவர், அரசாங்க உத்தியோகத்தில் தொடங்கிச் சுரங்கத் தொழிலில் உயர்ந்தவர். கோயில் கட்டியவராகவே அவரை நம்மவர்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். நாட்டின் மின்சார வரலாற்றின் முதல் பக்கத்திலும் அவர் பெயர் இருப்பது பலருக்குத் தெரியாது.

அந்த மின்சாரத்துக்கு பில் கிடையாது. இயந்திரமும் அவர்களுடையது, வெளிச்சமும் அவர்களுடையது. மறு ஆண்டு கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு மின்சாரம் வந்தது. 1900ல் பகாங் மாநிலம் ரவூப்பில் இருந்த தங்கச் சுரங்க நிறுவனம் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் அமைத்தது. 1904ல் பினாங்கில் நகராட்சி மின்சாரம் வழங்கத் தொடங்கியது. மின்சாரத்தைத் தனக்கென்று உற்பத்தி செய்தவர்களின் காலம் போய், அடுத்த வீட்டுக்காரருக்கு விற்கிறவர்களின் காலம் வந்தது. விற்பனை என்று வந்துவிட்டால் அளக்க வேண்டும். அளந்தால் எழுத வேண்டும். மீட்டரும் பில்லும் அப்படித்தான் வந்தன.

யாரிடம் கட்டுவது என்பது ஊரைப் பொறுத்தது. பினாங்குக்காரர் நகராட்சியிடம் கட்டினார். கிந்தா பள்ளத்தாக்கில், பேராக் நதி நீர்மின் நிறுவனம் என்ற தனியார் நிறுவனமும் அதன் விநியோகப் பிரிவும் செய்த வேலை அது. வேறு இடங்களில் அரசாங்கத்தின் மின்சார இலாகா. 1949 செப்டம்பர் 1ஆம் தேதி மத்திய மின்சார வாரியம் பிறந்தது. 1965 ஜூன் 22ஆம் தேதி அதுவே தேசிய மின்சார வாரியம் ஆனது. மலாயில் லெம்பாகா லெத்ரிக் நெகாரா, சுருக்கமாக எல்.எல்.என். பினாங்கும் பேராக்கும் 1970களின் பிற்பாதியிலும் 1980களின் தொடக்கத்திலும்தான் அதற்குள் வந்தன. 1990 செப்டம்பர் 1 முதல் அது தெனாகா நேஷனல். பெயர் மாறி இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் மூத்தவர்கள் வாயில் அது "எல்லெல்லென் பில்"தான்.

இந்த வரலாறெல்லாம் பட்டணத்து வரலாறு. நம்மவர்களில் பெரும்பாலோர் அப்போது தோட்டப்புறங்களில் இருந்தார்கள். அங்கே கதையே வேறு.

லயத்து வீடுகளில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்குதான். தோட்டத்துக்கு இஞ்சின் வந்த பிறகு மாலையில் சில மணி நேரம் விளக்கு எரியும். இஞ்சினை நிறுத்தினால் லயமே இருண்டுவிடும். மறுநாள் பெரட்டுக்கு எழ வேண்டியவர்கள் அதற்கு முன்பே படுத்துவிடுவார்கள். கார் பேட்டரியில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியை ஓட்டித் தமிழ்ப் படம் பார்த்த வீடுகளை நேயர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கென்று தனி மீட்டர் இல்லாத இடத்தில் வீட்டுக்கென்று பில்லும் இல்லை. பிடித்தம் ஏதும் இருந்தால் அது கிராணியின் செக்ரோல் கணக்கிலேயே முடிந்துவிடும். தொழிலாளர்களின் குறைந்தபட்ச வீட்டு வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், தண்ணீரையும் மின்சாரத்தையும் முதலாளியின் பொறுப்பில் வைத்தது. மின்சாரம் வேண்டும் என்று கேட்க வேண்டியது முதலாளியிடம், மின்சார வாரியத்திடம் அல்ல. எவ்வளவு எரிந்தது, என்ன விலை, யார் அளந்தார்கள் என்று கேட்கும் பழக்கமே வளராமல் போனதற்கு இது ஒரு காரணம். குறை தொழிலாளியுடையது என்று சொல்ல முடியாது. பார்க்க ஒரு தாளே அவர் கைக்கு வரவில்லையே!

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மேம்பாட்டுக்குப் போனபோதுதான் அந்தத் தாள் வந்தது. புத்ராஜெயா எழுந்த இடத்தில் பிராங் பெசார், காலோவே, செட்ஜிலி, மேடிங்லி என்று நான்கு தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்த குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாறின. இப்படி லயத்தை விட்டு அடுக்குமாடிக்கும் தரை வீட்டுக்கும் மாறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில், சொந்தப் பெயரில் மின்சாரக் கணக்கு எழுதி, முன்பணம் கட்டி, மாதா மாதம் பில் வாங்கிய முதல் தலைமுறை அதுதான். அந்தத் தாளுக்கு மின்சாரத்தைத் தாண்டியும் மதிப்பு இருந்தது. வங்கியில் கணக்குத் திறக்க, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, "இந்த முகவரியில்தான் இருக்கிறேன்" என்று காட்ட அதுவே சான்று. பிஸ்கட் டின்னிலும் பிளாஸ்டிக் பையிலும் பழைய பில்களை அடுக்கி வைத்திருந்த வீடுகள் சும்மா அடுக்கி வைக்கவில்லை.

மீட்டர் பார்க்கிறவர் வருவார். எண்ணைக் குறிப்பார். பிற்காலத்தில் கையிலிருக்கும் கருவியிலேயே பில்லை அச்சடித்து அஞ்சல் பெட்டியில் செருகிவிட்டுப் போவார். மலாயில் இருக்கும் அந்தத் தாளைப் படிப்பது பெரும்பாலும் பள்ளிக்குப் போகிற பிள்ளையின் வேலை. "எவ்வளவு போட்டிருக்கான்? போன மாசத்தைவிடக் கூடவா?" என்று தாத்தா கேட்பார். பிள்ளை இரண்டு எண்களைக் கழித்துப் பார்த்துச் சொல்லும். பிறகு அஞ்சலகத்துக்கோ தெனாகா அலுவலகத்துக்கோ போய்க் கட்டிவிட்டு, முத்திரை குத்திய துண்டைக் கொண்டுவந்து அப்பா பத்திரப்படுத்துவார். பேருந்துச் செலவு, அரை நாள் சம்பளம் என்று நட்டம் இருந்தது உண்மை. ஆனால் ஒரு தாளை மூன்று தலைமுறை தொட்டுப் பார்த்தது.

இணையக் கட்டணத்தின் கதையும் அதே புத்ராஜெயாவைத் தொட்டுத்தான் வருகிறது. 1996ல் தொடங்கப்பட்ட மல்டிமீடியா பெருவழித் திட்டத்தின் ஓர் அங்கம் மின்னியல் அரசாங்கம். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிப்பது போன்ற வேலைகளோடு மின்சார, தொலைபேசிக் கட்டணங்களையும் இணையத்திலும் தானியங்கி முகப்புகளிலும் கட்டலாம் என்பது அதன் தொடக்கச் சேவைகளில் ஒன்று. லயத்தில் இஞ்சின் விளக்கு எரிந்த மண்ணில், பத்தாண்டுகூட ஆகாத இடைவெளியில், தாளே இல்லாத அரசாங்கத்துக்குத் தலைநகரம் கட்டினார்கள். அந்த மண்ணை விட்டுப் போனவர்களோ அப்போதுதான் முதல் தாளைக் கையில் வாங்கிக் கொண்டிருந்தார்கள்.

2000 ஜூன் மாதம் உள்நாட்டு வங்கிகள் இணையச் சேவை வழங்க பேங்க் நெகாரா அனுமதி அளித்தது. அதே மாதம் மேபேங்க் தன் அகப்பக்கத்தைத் திறந்தது. தொலைபேசி இணைப்பு வழியே கரகரவென்று ஒலியெழுப்பி இணையத்துக்குள் நுழைந்த காலம் அது. ஒவ்வொரு வங்கியும் தெனாகாவோடு தனித்தனியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. கட்டிய பணம் கணக்கில் ஏற ஓரிரு நாள் பிடிக்கும் என்பதால், பலர் திரையில் தெரிந்ததைத் தாளில் அச்சடித்து வைத்துக் கொண்டார்கள். முத்திரை குத்திய துண்டின் மேல் இருந்த நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க 'டேக்' எண் வந்த பிறகுதான் பயம் கொஞ்சம் தெளிந்தது.

2004ல் எஃப்.பி.எக்ஸ். வந்தது. விற்பவரின் அகப்பக்கத்திலிருந்தே வாங்குபவரின் வங்கிக் கணக்குக்குப் பாலம் போட்ட ஏற்பாடு அது. 2015ல் ஜோம்பே வந்தது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு குறியீட்டு எண். அதையும் தங்கள் கணக்கு எண்ணையும் தட்டினால் எந்த வங்கியிலிருந்தும் கட்டலாம். வங்கிக்கு வங்கி தனி ஏற்பாடு தேவைப்பட்ட தொல்லை அதோடு பெரிதும் தீர்ந்தது. கைப்பேசிச் செயலிகள் வந்ததும் 12 இலக்கக் கணக்கு எண்ணை ஒருமுறை பதிந்துவிட்டால் போதும் என்றாகிவிட்டது. பின்னர் அதுவும் வேண்டாம், வங்கியே மாதா மாதம் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டவர்களும் உண்டு.

இங்கேதான் பில் படிப்பவர் மறைகிறார். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் மகன், தைப்பிங்கில் இருக்கும் அம்மாவின் கட்டணத்தைக் கட்டுகிறார். நல்ல பிள்ளைதான். அவருக்குத் தொகை தெரியும். வீட்டில் எது ஓடுகிறது என்று தெரியாது. அம்மாவுக்கு வீட்டில் எது ஓடுகிறது என்று தெரியும்; தொகை தெரியாது. பழைய குளிர்பதனப் பெட்டி கெட்டு இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தால், அதை பில்லோடு முடிச்சுப் போட்டுப் பார்க்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

2020ஆம் ஆண்டு இது வெளிச்சத்துக்கு வந்தது. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது மீட்டர் பார்க்கிறவர்கள் வெளியே வரவில்லை. முகப்புகளும் மூடப்பட்டன. முன்பு எரித்த அளவை வைத்து உத்தேச பில் போடப்பட்டது. அதுவரை இணையப் பக்கமே போகாத பலர், வேறு வழியில்லாமல் அந்த மாதங்களில்தான் முதல்முறையாக இணையத்தில் கட்டினார்கள். மே மத்தியில் மீட்டர் பார்ப்பது மீண்டும் தொடங்கியது. உண்மையான அளவோடு பில் வந்தது. குடும்பமே மாதக்கணக்கில் வீட்டில் அடைந்து கிடந்த காலத்தின் கணக்கு அது. உத்தேசம் குறைவு, எரிந்தது அதிகம். விடுபட்டதெல்லாம் ஒரே தாளில் வந்து விழுந்தது. நாடெங்கும் கூச்சல். தெனாகா அலுவலகங்களின் முன் நீண்ட வரிசை.

மக்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அப்போதைய கட்டண முறை படிப்படியாக ஏறும். முதல் 200 யூனிட்டுக்கு 21.8 காசு, அடுத்த 100க்கு 33.4 காசு, அடுத்த 300க்கு 51.6 காசு, அதற்கடுத்த 300க்கு 54.6 காசு. மாதம் 350 யூனிட் எரிக்கும் வீட்டை எடுத்துக் கொள்வோம். ஒரு மாதக் கட்டணம் 102 ரிங்கிட் 80 காசு. இரண்டு மாதத்துக்கு 205 ரிங்கிட் 60 காசு. அந்த 700 யூனிட்டையும் ஒரே மாதத்தில் எரித்ததாகப் போட்டால் 286 ரிங்கிட் 40 காசு. வித்தியாசம் 80 ரிங்கிட்டுக்கு மேல். மலிவான முதல் 300 யூனிட் ஒருமுறைதான் கிடைக்கும், மீதியெல்லாம் விலை ஏறிய படியில் போய் உட்காரும் என்பதுதான் காரணம். நாள் கணக்குப்படி பிரித்துத்தான் போட்டோம் என்று தெனாகா விளக்கியது. அப்படிப் பிரித்திருக்கிறார்களா என்பது பில்லிலேயே தெரியும். எத்தனை நாள், எந்தப் படியில் எத்தனை யூனிட் என்று அதில் இருக்கிறது. ஆனால் அந்த வரிகளைப் பார்க்கும் பழக்கம் எத்தனை வீடுகளில் மிச்சமிருந்தது? கடைசியில் எழுதியிருந்த தொகையைத்தான் எல்லாரும் பார்த்தார்கள், பார்த்து அதிர்ந்தார்கள்.

அந்த ஜூன் மாதம் அரசாங்கம் உதவி அறிவித்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதத்துக்கு 231 ரிங்கிட் வரை தள்ளுபடி, அதாவது மாதத்துக்கு 77 ரிங்கிட். மேலே சொன்ன விலையில் முதல் 300 யூனிட்டுக்குக் கணக்குப் போட்டால் சரியாக 77 ரிங்கிட் வரும். கட்டணப் படிகளை அறிந்தவருக்கு அந்த எண் எங்கிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிடும். அறியாதவருக்கு அது யாரோ மனம் இரங்கிக் கொடுத்த ஒரு தொகை.

இன்னொரு சலுகையின் கதையும் இதைப் போன்றதே. 2008 அக்டோபர் முதல், மாதக் கட்டணம் 20 ரிங்கிட்டைத் தாண்டாத வீடுகளுக்கு அரசாங்கமே கட்டியது. யாரும் மனுப் போட வேண்டியதில்லை. பில்லில் தொகை குறைந்திருந்தால் போதும், சலுகை தானாக வரும். ஏறக்குறைய 91 யூனிட்டுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதால், தாத்தா பாட்டி மட்டும் இருக்கும் வீடுகளில் மீட்டரைப் பார்த்துப் பார்த்து விளக்கை அணைத்தார்கள். 2019 ஜனவரி முதல் அது மாறியது. தொகை 40 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆனால் இ-காசே பட்டியலில் பரம ஏழை என்று பதிவு பெற்ற குடும்பங்களுக்கு மட்டும். உண்மையில் தேவைப்படுவோருக்குப் போய்ச் சேரட்டும் என்ற நோக்கம் நியாயமானதே. ஆனால் முன்பு பில்லே செய்த வேலையை இப்போது ஒரு பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. பதிவு செய்ய ஒருவர் வேண்டும். பேரன் அருகில் இல்லாத வீட்டில் அந்த ஒருவர் யார்?

ஏமாற்றுக்காரர்களும் இந்த இடைவெளியைக் கண்டுகொண்டார்கள். "கட்டணம் பாக்கி, இன்று மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த இணைப்பைத் தட்டுங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தால், கடைசியாக எப்போது எவ்வளவு கட்டினோம் என்று தெரிந்தவர் சிரித்துவிட்டு அழிப்பார். தெரியாதவர்தான் பதறுவார். குறுஞ்செய்தி வழி வரும் எண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான வேறு முறைக்கு மாறும்படி 2022ல் வங்கிகளிடம் பேங்க் நெகாரா சொன்னது. பணம் போய்விட்டால் அழைப்பதற்கு 997 என்ற எண்ணும் அதே ஆண்டு வந்தது.

ஸ்மார்ட் மீட்டர் மலாக்காவிலும் புத்ராஜெயாவிலும் முன்னோட்டம் பார்க்கப்பட்டு, பிறகு கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் மற்ற இடங்களுக்கும் வந்தது. அது பொருத்திய வீட்டுக்கு மீட்டர் பார்க்கிறவர் வருவதில்லை. நேற்று எவ்வளவு எரிந்தது என்பதைச் செயலியிலேயே பார்க்கலாம். தாள் பில் ஒருநாளும் தராத விவரம் அது. 2020ல் இது எல்லா வீட்டிலும் இருந்திருந்தால் உத்தேச பில்லுக்கே இடமிருந்திருக்காது.

2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் கட்டண முறையும் மாறிவிட்டது. பழைய படிகள் போய்விட்டன. எரிசக்திக் கட்டணம், திறன் கட்டணம், கட்டமைப்புக் கட்டணம், சில்லறைக் கட்டணம் என்று தனித்தனி வரிகள்; எரிபொருள் விலைக்கேற்ப மாதந்தோறும் கூடிக் குறையும் ஒரு வரி; குறைவாக எரிப்போருக்கு ஊக்கத் தள்ளுபடி. 600 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் இல்லை. 1,000 யூனிட்டைத் தாண்டாவிட்டால் தள்ளுபடி உண்டு. பழைய பில்லைவிடப் படிக்க வேண்டியது கூடுதல். எந்த எல்லையைத் தாண்டினால் என்ன போகும் என்பது அந்த வரிகளில்தான் இருக்கிறது.

பல வீடுகளில் கணக்கு இன்னும் தாத்தா பெயரில்தான் ஓடுகிறது. தோட்டத்தை விட்டு வந்த ஆண்டு அவர் முன்பணம் கட்டி எழுதியது. அவர் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். பணம் ஒழுங்காகக் கட்டப்படுவதால் யாரும் கேட்கவில்லை. செயலியில் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று வரும்போதுதான் உரிமையாளரின் அடையாள அட்டை எண்ணைத் திரை கேட்கிறது. பெயர் மாற்ற வேண்டுமென்றால் மரணச் சான்றிதழையும் வீட்டுப் பத்திரத்தையும் தேடி எடுக்க வேண்டும். தேடுவார் யார்? பேரன் அந்த எண்ணைத் தட்டுகிறார். தாத்தாவின் பழைய பில்லை அவருக்குப் படித்துக் காட்டியது அவர்தான். அந்த எண் அவருக்கு மனப்பாடம்.